நகரம் யாரை எவ்வளவு தூரம் தள்ளுகிறது?

சென்னை கண்ணகி நகரில் வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு மனுப் போடும்போது முகவரியில் 'ஒக்கியம் துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வார்கள். கண்ணகி நகர் என்று எழுதினால் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள், கடன் கிடைக்காது, சம்பந்தம் பேச வருபவர்கள்கூடத் தயங்குவார்கள் என்று அங்கே பலர் சொல்வார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். செய்தித்தாள்கள் அவர் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்தே எழுதின. பல ஆண்டுகளாக மறைத்துவைத்த முகவரி முதல் பக்கத்தில் தலைநிமிர்ந்து நின்றது. ஒரு பெரிய குடியிருப்பே தன் முகவரியை மறைத்து வாழும் நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தது? இந்தக் கேள்வியிலிருந்துதான் கருணையுள்ள நகரம் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும்.

எல்லாரையும் அரவணைக்கும் நகரம் என்றாலே சாய்தளம், பூங்கா, சுவரோவியம், இலவச வைஃபை என்று பட்டியல் நீளும். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒரு நகரத்தின் கருணையை அளக்க முதலில் கையில் எடுக்க வேண்டியது தூரத்தைத்தான். வேலை செய்பவருக்கும் வேலைக்கும், பிள்ளைக்கும் பள்ளிக்கும், நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்? அந்தத் தூரத்தைக் கூட்டியது யார், குறைத்தது யார்? கடந்த ஐம்பது ஆண்டுச் சென்னையை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பல நல்ல திட்டங்களின் பொருள் தெளிவாகும். சில பெருந்தவறுகளின் அளவும் தெரியவரும்.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் முழக்கம். அடுத்த ஆண்டு குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. அப்போது எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. அவற்றில் சுமார் 1.64 லட்சம் குடும்பங்கள் வாழ்ந்தன. அந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான பாதுகாப்பு இருக்கிறது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அங்கிருந்து யாரையும் வெளியேற்ற முடியாது. அன்றைய வாரியம் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடி வீடுகள் கட்டியது. நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் எழுந்த அந்தக் கட்டடங்கள் அழகானவை அல்ல. அறைகள் சிறியவை, பராமரிப்போ படுமோசம். ஆனாலும் மீனவர் கடலோரத்திலேயே இருந்தார். மூட்டை தூக்குபவர் சந்தைக்கு நடந்தே போனார். வீடு மாறினாலும் பிழைப்பு கெடவில்லை.

இந்தச் சட்டப் பாதுகாப்பு பின்னாளில் ஓசையில்லாமல் கரைந்துபோனது. இதற்காக யாரும் சட்டத்தைத் திருத்தவில்லை. புதிய பகுதிகளை அறிவிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். 1971க்குப் பிறகு 1985இல் இன்னும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் சென்னையில் அறிவிப்பே வரவில்லை. நகரம் வளர்ந்தது, குடிசைகளும் பெருகின, பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. அறிவிக்கப்படாத பகுதியில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் குடியிருப்பவர் ஆகமாட்டார், ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் வாழ்ந்து, குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் வைத்திருந்தாலும் நிலை அதுதான். சென்னையின் குடிசைவாசிகளுக்கு நேர்ந்த அநீதிகளில் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால், புல்டோசருக்கு முன்பே நடந்த இந்த ஏட்டு வேலையைத்தான் சொல்வேன்.

இடையில் வேறொரு வழியும் திறந்தது. 1977இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டன. சாலை, குழாய், கழிவறை ஆகியவற்றை அரசு போட்டுத் தரும். வீட்டைக் குடும்பம் தன் வசதிப்படி கட்டிக்கொள்ளும். ஏழைகளுக்கான சிறு மனைகளுக்குப் பக்கத்திலேயே நடுத்தர வர்க்கத்துக்கான பெரிய மனைகளும் இருந்தன. பெரிய மனை விற்ற காசு சிறிய மனையின் விலையைத் தாங்கிப் பிடித்தது. அப்போது பலர் இந்தத் திட்டத்தைத் தோல்வி என்றே எழுதினார்கள். மனைகள் நெடுநாள் காலியாகக் கிடந்ததும், முதல் பயனாளிகள் சிலர் விற்றுவிட்டுப் போனதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பிறகு சென்னையிலும் மும்பையிலும் இத்தகைய பகுதிகளைக் கேட் ஓவன்ஸ், சுமிலா குலியானி, ஆண்ட்ரியா ரிஸ்வி ஆகியோர் மறுபடி ஆராய்ந்தனர். 2018இல் வெளியான அவர்களது ஆய்வு அந்தத் தீர்ப்பையே கேள்விக்கு உள்ளாக்கியது. பல வருமானத்தாரும் கலந்து வாழும், வாழத்தகுந்த பகுதிகளாக அவை வளர்ந்திருந்தன. இன்று அரும்பாக்கத்தில் நடப்பவருக்கு எந்தத் தெரு திட்டத்தில் வந்தது, எது வரவில்லை என்று பிரித்துச் சொல்வது கடினம். ஏழைக்கென்று தனி ஊர் கட்டாததுதான் அங்கே கைகொடுத்தது.

2000க்குப் பிறகு சென்னை நேர் எதிரான பாதையில் போனது. மேம்பாலம், பறக்கும் ரயில், நதிச் சீரமைப்பு, மழைநீர் வடிகால், நீதிமன்ற உத்தரவு என்று காரணங்கள் மாறிக்கொண்டே இருந்தன. போக வேண்டிய திசை மட்டும் பெரும்பாலும் தெற்குதான். கண்ணகி நகர், எழில் நகர் இரண்டிலுமாக 23,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி வந்தது, பிறகு ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தின் பணத்தில் பெரும்பாக்கம் வந்தது. கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்கள் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் மாதங்களில்கூட லாரிகள் வந்து நின்றதுண்டு. கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவானவை. கதவும் கழிவறையும் உள்ள வீடு கிடைத்ததைப் பல பெண்கள் மெய்யாகவே வரவேற்றார்கள், ஒதுக்கீட்டு ஆணை பெண்ணின் பெயரில் வந்ததும் நல்ல விஷயம். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அந்த வீட்டுக்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே பேச வேண்டும்.

மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணின் கணக்கைப் பாருங்கள். கரையோரக் குடிசையில் இருந்தபோது ஐந்தரைக்கு எழுந்து, ஆறு மணிக்கு முதல் வீட்டில் இருப்பார். பத்து மணிக்குத் திரும்பிவந்து சோறு வடித்துவிட்டு, மறுபடி மூன்று மணிக்குப் போவார். பெரும்பாக்கத்திலிருந்து இது நடக்காது. விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்தாலும் அண்ணா சாலை நெரிசலையோ பழைய மகாபலிபுரம் சாலைச் சிக்னல்களையோ தாண்டித்தான் போக வேண்டும். நடுவில் வீட்டுக்கு வந்து போக வழியில்லை, பகல் முழுக்க அங்கேயே எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு வீடு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். பள்ளிவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பழைய அக்கம்பக்கம் இல்லை, ஏனென்றால் குலுக்கலில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு பிளாக் விழுந்திருக்கும். கண்ணகி நகர் வீட்டுவேலைப் பெண்களைப் பற்றிக் கேரன் கோயல்ஹோ, டி. வெங்கட், ஆர். சந்திரிகா மூவரும் 2013இல் எழுதிய ஆய்வு, வீடு இருக்கும் இடமும் பெண் செய்யும் வேலையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைத்தான் ஆராய்ந்தது. 2014இல் வீட்டுரிமை, நில உரிமை வலையமைப்பு டெல்லி, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களின் மறுகுடியமர்வு இடங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சென்னைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இடமும் கண்ணகி நகர்தான்.

பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோகும் நாட்களில் அந்தக் கட்டடமே வேறாகிவிடும். காஸ் சிலிண்டர் தோளில் ஏறும், மாடிக்கு இவ்வளவு என்று கூலி கூடும். முழங்கால் தேய்ந்த பாட்டிகள் கீழே இறங்குவதையே நிறுத்திவிடுவார்கள். ஏழாம் மாடியில் பக்கவாதம் வந்தவர் இருந்தால், மருத்துவமனைக்குப் போக நான்கு ஆள் சேர வேண்டும். பூ, மீன், காய் விற்றவர்களுக்கு இன்னொரு சிக்கல். தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது? கரையில் வீட்டு வாசல்தான் கிடங்கு, அடுப்படி, கடை எல்லாமே. அடுக்குமாடியில் வாசல் என்பது ஓர் இருண்ட நடைவழி. ஆகவே தரைத்தளத்து வீட்டு ஜன்னல்கள் மெல்ல மெல்லக் கடைகளாகின. ஷாம்பு பொட்டலம், வெற்றிலை, முறுக்கு எல்லாம் ஜன்னல் கம்பி வழியாகக் கைமாறின. கட்டடத்தை வரைந்தவர்கள் மறந்த சந்தையை மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

நதிக்கரையில் வாழ்வது ஆபத்து, 2015 வெள்ளத்தைப் பார்த்த பிறகுமா இந்தப் பேச்சு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கரையோரம் கழுத்தளவு நீரில் மக்கள் நின்றதை யாரும் மறக்க முடியாது. ஆனால் வெள்ளத்திலிருந்து காப்பாற்றவே கொண்டுபோகிறோம் என்று சொல்லி அவர்களை விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பு. தென்சென்னையின் மழைநீரெல்லாம் வடிந்து தேங்கும் அந்தச் சதுப்பு 2022இல் ராம்சர் தலமானது. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பெருமழைதோறும் தத்தளிப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். ஆற்றங்கரையில் இருந்த நட்சத்திர விடுதிகளும் கல்வி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பாதுகாப்புதான் காரணம் என்றால் அந்த அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

கரையையும் காப்பாற்றி, கரையில் இருந்தவர்களையும் காப்பாற்ற முடியும் என்பதற்குப் பாங்காக்கில் சான்று இருக்கிறது. தாய்லாந்து அரசின் சமூக நிறுவனங்கள் வளர்ச்சிக் கழகம் 2003இல் பான் மன்கோங் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பணமும் கடனும் நேரே ஒப்பந்தக்காரருக்குப் போகாது, குடியிருப்பவர்களின் சேமிப்புக் குழுக்களுக்குப் போகும். நிலத்தை அளப்பது, வீட்டை வரைவது, பாதையைத் தீர்மானிப்பது எல்லாம் அவர்கள் கையில். பாங் புவா கால்வாயோரம் இருந்த பன்னிரண்டு குடியிருப்புகள் இந்த வழியில் சேர்ந்தன. நீரின் மேல் நீட்டிக்கொண்டிருந்த வீடுகளைத் தாங்களே பின்னிழுத்துக் கட்டி, கரையோரம் அகலமான நடைபாதை விட்டார்கள். நிலம் அரசுக் கருவூலத் துறைக்குச் சொந்தம். நீண்டகாலக் குத்தகை கிடைத்ததால் நாளை துரத்துவார்களோ என்ற பயம் போனது. பயம் போனவுடன் வீட்டில் காசு போட்டார்கள், கால்வாயில் குப்பை போடாமல் காத்தார்கள். கூவத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். வெறுமையாக்கி வேலி போட்ட கரையில் குப்பை சேர்வதைப் பார்க்கிறோம். காலையும் மாலையும் ஆள் நடமாட்டமுள்ள கரைக்குத்தான் காவல் இருக்கும்.

சட்டம் இந்த மக்களுக்கு என்ன தருகிறது? 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என்று சொன்னது. நடைபாதையிலிருந்து ஒருவரை அகற்றுவது அவர் பிழைப்பைப் பறிப்பதாகும் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் உரிய முறைப்படி அகற்றலாம் என்று கதவைத் திறந்தே வைத்தது. 2024 நவம்பரில் புல்டோசர் இடிப்புகள் பற்றி வந்த தீர்ப்பு, பதினைந்து நாள் முன்னறிவிப்பு உள்ளிட்ட பல பாதுகாப்புகளைத் தந்தது. அதிலும் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஏழைகள் வாழ்வது பெரும்பாலும் அந்த நான்கு இடங்களில்தானே! மிகத் தேவைப்படுபவருக்குக் கிடைக்காத பாதுகாப்பாக அது நிற்பது எனக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தருகிறது.

தூரத்தைக் கூட்டிய இதே சென்னைதான் தூரத்தைக் குறைக்கவும் செய்திருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிந்தது, இப்போது விடியல் பயணம் என்று அழைக்கப்படுகிறது. இதை ஓசி பஸ் என்று ஏளனம் செய்தவர்கள் கண்ணகி நகர் நிறுத்தத்தில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியவருக்கு மாதச் செலவில் சில நூறு ரூபாய் மிச்சமானால், ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் அரிசியாக வீட்டுக்கு வரும். கணவனிடம் கைநீட்டாமல் அம்மா வீட்டுக்குப் போய்வர முடியும். நகரத்தின் எந்த மூலைக்கும் போய் வேலை கேட்க முடியும். இருந்தாலும் விலகிப்போன கிலோமீட்டரை இலவசச் சீட்டு திருப்பித் தராது. மூன்று மணி நேரப் பயணம் இலவசமானாலும் மூன்று மணி நேரம்தான்.

2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகம் இதைவிடத் தெளிவான பாடம் தருகிறது. ஒரு ரூபாய் இட்லி, மூன்று ரூபாய் தயிர்சாதம், ஐந்து ரூபாய் சாம்பார் சாதம். பெங்களூருவின் இந்திரா கேன்டீனுக்கும் ஆந்திராவின் அண்ணா கேன்டீனுக்கும் வழிகாட்டியது இதுதான். விலையைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். அது எங்கே இருக்கிறது என்பதை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். வார்டுக்கு வார்டு, அரசு மருத்துவமனை வளாகத்தில், கூலியாட்கள் காத்துநிற்கும் முனைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. சாப்பிட வருபவரிடம் யாரும் அட்டை கேட்கவில்லை, வருமானச் சான்று கேட்கவில்லை. ஆட்டோ ஓட்டுநரும், நோயாளியின் துணைக்கு வந்தவரும், அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவரும் ஒரே மேடையில் நின்று சாப்பிட்டார்கள். ஏழை என்று நிரூபித்த பிறகே சோறு என்று சொல்லாத ஏற்பாடு அது. அதன் பராமரிப்பு ஆட்சிக்கு ஆட்சி ஏறி இறங்காமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அதுவரை சக்கர நாற்காலியில் வந்தவர்கள் பெரும்பாலும் சாலையோரத்தில் நின்று தொலைவிலிருந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிறந்து வளர்ந்த ஊரில் அலையைத் தொட நாற்பது, ஐம்பது வயதுவரை காத்திருந்தவர்கள் அன்று அழுதார்கள். இரண்டு வாரம் தாண்டவில்லை, டிசம்பர் 9 இரவு கரை கடந்த மாண்டஸ் புயலில் பாதையின் முனை சிதைந்தது. பிறகு சீரமைத்தார்கள். கடலை எட்டிய அந்தப் பாதையை எட்ட வேண்டுமானால் முதலில் வீட்டிலிருந்து மெரினாவுக்கு வர வேண்டுமே! மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில்தான் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பேருந்து நிறுத்தத்துக்கு வரும் நடைபாதைதான் இப்போதும் கண்ணி அறுபடும் இடம். சாலைகளில் முன்னுரிமை நடப்பவர்களுக்கே என்று சென்னை மாநகராட்சி 2014இலேயே கொள்கை வகுத்தது. எந்தத் தெருவிலாவது சக்கர நாற்காலியோடு நூறு மீட்டர் போய்ப் பாருங்கள். இரும்புத் தடுப்புகளுக்கு இடையே நாற்காலி நுழையாது, அதைத் தாண்டினால் மின்மாற்றி நிற்கும், அதையும் தாண்டினால் ஒரு கட்டடத்தின் கார்ச் சரிவு நடைபாதையை வெட்டியிருக்கும். சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்று விதி சொல்கிறது. பல இடங்களில் கட்டிய சாய்தளங்களில் துணைக்கு ஆள் இல்லாமல் ஏற முடியாது.

மனநோயோடு தெருவில் அலைபவர்களை நகரங்கள் நடத்தும் விதத்திலும் தூரத்தின் கதை உண்டு. பிடித்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே அடைப்பதுதான் நெடுங்கால வழக்கம். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய பானியன் அமைப்பு, வீடற்ற பெண்களுக்குச் சிகிச்சையும் குடும்பத்தோடு மறுசேர்க்கையும் தந்து வந்தது. திரும்பிப்போக வீடில்லாதவர்கள், பல்லாண்டு காப்பகத்திலேயே தங்கிவிட்டவர்கள் என்ன ஆவார்கள்? அவர்களுக்காக மீண்டும் இல்லம் என்று பொருள்படும் பெயர் கொண்ட திட்டத்தை அது கொண்டுவந்தது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு எடுத்து, நான்கைந்து பேர் துணைப் பணியாளர் உதவியோடு குடும்பம் போல வாழ்வார்கள். காய் வாங்கக் கடைக்குப் போவார்கள், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போவார்கள். வீட்டுக்காரர் வாடகைக்குத் தரத் தயங்குவது இதில் முதல் தடை. அதைக் கடந்துவிட்டால் மருத்துவம் மட்டும் தர முடியாததை அந்தத் தெரு தருகிறது.

விற்பவர்களையும் இருந்த இடத்திலேயே வைத்து வழி காண முடியும் என்பதற்கு நொச்சிக்குப்பம் அண்மை உதாரணம். மெரினா வளையச் சாலையோர மீன்கடைகளை அகற்ற வேண்டும் என்று 2023இல் நீதிமன்றத்தில் பேச்சு எழுந்ததும் மீனவர்கள் சாலையை மறித்தார்கள். சாலை வருவதற்கு முன்பே கரை எங்களுடையது என்றார்கள். முடிவில் அதே இடத்தில் 360க்கும் மேற்பட்ட கடைகளோடு நவீன மீன் அங்காடி கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்காடியின் வடிவமைப்பில் குறைகள் இருக்கலாம். ஆனால் மீன் இறங்கும் இடமும் விற்கும் இடமும் விலகிப்போகவில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமும் இயற்கையாக உருவான சந்தைகளை மதிக்கச் சொல்கிறது.

இதையெல்லாம் தாண்டி இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. பாரிமுனை, சௌகார்பேட்டை, வால்டாக்ஸ் சாலை நடைபாதைகளில் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்கள். பூக்கட்டுவது, சுமை தூக்குவது, பழைய தாள் பொறுக்குவது எல்லாம் அந்தச் சந்தைகளை ஒட்டிய வேலைகள். மாநகராட்சி இரவுக் காப்பகங்கள் நடத்துகிறது, அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் துணைக்கு வருவோருக்கும் காப்பகங்கள் உண்டு. இவை பெரிய உதவிதான். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்ற காப்பகத்தில் கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு மாமியார் கொண்ட குடும்பம் எப்படித் தங்கும்? புறநகரில் வீடு ஒதுக்கினாலோ சில மாதங்களில் பலர் பழைய நடைபாதைக்கே திரும்புகிறார்கள். வீட்டை விற்றுவிட்டு வந்துவிட்டார்கள், இவர்களைத் திருத்தவே முடியாது என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் திரும்பி வந்தது பிழைப்புக்கு.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 2020 அக்டோபரில் தொடங்கிய பராமரிப்பு வட்டங்கள், உதவியை மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்ததற்காக இங்கே நினைவுக்கு வருகின்றன. முதலில் வந்தது நகரின் ஏழை மலைச்சரிவான சியுதாத் பொலிவாரில். குழந்தையை, முதியவரை, நோயாளியை வீட்டில் கவனித்துக்கொள்ளும் பெண்கள் நடந்தே போகும் தூரத்தில் ஒரு மையம் இருக்கும். அழுக்குத் துணியை அங்கே இயந்திரத்தில் போடலாம். பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் தொடரலாம். ஏற்கெனவே இருந்த கட்டடங்களையும் ஊழியர்களையும் ஒரே இடத்தில் கூட்டியதுதான் அதன் பலம். பெரும்பாக்கத்தின் தரைத்தளங்களில் இப்படியொன்றைத் தொடங்க வானளாவிய நிதி வேண்டாம். அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சுகாதார மையம், இ-சேவை மையம் ஆகிய நான்கும் ஒரே பிளாக்கில், வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்குத் தோதான நேரத்தில் திறந்திருந்தாலே பாதி வழி வந்துவிடும்.

குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. அதே ஆண்டு மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவு மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. நகருக்குள் சிதிலமான பழைய வாரிய வீடுகளை இடித்து அங்கேயே மறுகட்டுமானமும் நடக்கிறது. 1970களின் நல்ல வழிக்கு இது திரும்புதல் என்பதால் மனமார வரவேற்கிறேன். ஆனால் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதுச் சுவரின் பூச்சு கையோடு உதிர்ந்ததை 2021இல் நாம் பார்த்தோம். இருந்த இடத்திலேயே தரும் வீடு தரமில்லாத வீடாக இருந்துவிடக் கூடாது.

அரசு நாளையே செய்யக்கூடியவை சில உண்டு. நின்றுபோன குடிசைப் பகுதி அறிவிப்பை மறுபடி தொடங்கலாம், அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, 1971 சட்டமே போதும். கல்வியாண்டின் நடுவில் யாரையும் வெளியேற்றுவதில்லை என்று ஓர் அரசாணை போடலாம். மாற்றுவது தவிர்க்கவே முடியாதபோது, பழைய வேலையிடத்திலிருந்து புதிய வீட்டுக்குப் பொதுப் பேருந்தில் எத்தனை நிமிடம் என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணக்கிட்டு ஒதுக்கீட்டு ஆணையிலேயே எழுதலாம். ஒரு தெருவில் இருந்தவர்களைக் குலுக்கிப் பிரிக்காமல் ஒரே பிளாக்கில் வைக்கலாம். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காக நகருக்குள் அரசு கையகப்படுத்தும் நிலங்களில், நிலையத்துக்கு மேலும் பக்கத்திலும் எழப்போகும் கட்டடங்களில், ஒரு பங்கை அந்த வட்டாரத்திலேயே வேலை செய்யும் ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை வீடாக ஒதுக்கலாம். வணிக வளாகங்களுக்கான வரைபடங்கள் தயாராகும் இந்த நேரத்திலேயே அந்தப் பங்கையும் சேர்த்து வரைய வேண்டும்.